பிடி-1 கூடினால் ஆயுள் முடிந்ததா?

பிடி-1 என்பது நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்களின் மேல் இருந்து அவற்றின் வேலைக்குத் தடை போடும் ஒரு புரதம். அது கூடி டி செல்கள் சோர்ந்துவிட்டால், அதாவது வேலை செய்யும் திறனை இழந்துவிட்டால், எச்ஐவி உள்ளவருக்கு அதிக நாள் இல்லை என்கிற தொனியில் உங்கள் கட்டுரை முடிகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். நேற்று ஒரு லாரி டிரைவர் அண்ணன் இதே கட்டுரையைப் போனில் காட்டி, "சார், இந்த பிடி-1 டெஸ்ட் இங்கே எடுப்பீங்களா?" என்று கேட்டார். மாத்திரையை ஒரு நாளும் விடாதவர். வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் கீழே இருக்கிறது. அப்படியும் முகம் வெளிறிப்போயிருந்தது.

2006-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த ஆய்வு உண்மைதான். எச்ஐவியை எதிர்க்கும் சிடி8 என்ற டி செல்களில் பிடி-1 கூடக்கூட வைரஸ் அதிகம், எச்ஐவி தாக்கி அழிக்கும் சிடி4 செல்கள் குறைவு. ஆனால் அதில் பார்த்தது சிகிச்சை தொடங்காதவர்களை! சிலரிடம் மருந்து தொடங்கியபின் பிடி-1 இறங்கியதும், ஆய்வகத்தில் பிடி-1 போடும் தடையை விலக்கியபோது செல்கள் மறுபடி பெருகியதும் அதே ஆய்வில் உண்டு. கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லை.

அப்புறம், புதிதாகத் தூண்டப்பட்ட செல்லிலும் பிடி-1 தெரியும். அதனால் டிம்-3, லாக்-3 போன்ற மற்ற தடைப் புரதங்களையும் சேர்த்துத்தான் சோர்வை மதிப்பிடுகிறார்கள். இவை ஆராய்ச்சிக்கான அளவீடுகள். எச்ஐவி மருந்து தரும் ஏஆர்டி மையத்தில் டாக்டர் பார்ப்பது வைரல் லோடும் (ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) சிடி4-உம்தான்.

ஊரில் தெரிந்துவிடும் என்று கேரள-தமிழக எல்லையான வாளையாறு தாண்டிப் போய் மருந்து வாங்குகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். கட்டுரையைப் படித்துப் பயந்து அவர்கள் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. தயவுசெய்து அந்தக் கடைசிப் பத்தியைத் திருத்துங்கள்.