ரிவர்ட் படுத்தும் பாடு

நம்மவர்கள் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகளைப் பற்றிய ஒரு கட்டுரை, 'டிஸ்கஸ் அபௌட்' (discuss about) தவறு, 'டிஸ்கஸ்' மட்டுமே போதும் என்கிறது. அது சரி. கூடவே 'ரிவர்ட்' (revert) பற்றியும் நாலு வரி எழுதியிருக்கலாம். நம் ஆபீஸ் மெயில்கள் பலவும் 'ப்ளீஸ் ரிவர்ட்' என்றுதான் முடிகின்றன, பதில் போடுங்கள் என்ற அர்த்தத்தில். நம்மூருக்குள் அது ஓடிவிடும். ஆனால் அமெரிக்காவில் பொதுவாகப் பழைய நிலைக்குத் திரும்புவது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இன்னும் வம்பு: கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' (Git) என்ற கருவியில் ரிவர்ட் என்றால் ஏற்கெனவே செய்த மாற்றத்தை ரத்து செய்வது. கோட் அனுப்பிவிட்டு 'ப்ளீஸ் ரிவர்ட்' என்று எழுதினால், அங்கே ஒரு புண்ணியவான் நிஜமாகவே அதைத் தூக்கிவிடுவார்! பதில்தான் வேண்டுமென்றால் 'ப்ளீஸ் ரிப்ளை' போதுமே. அப்புறம், 'ரிவர்ட் பேக்' (revert back) என்பதில் அந்த 'பேக்' எந்த அர்த்தத்தில் பார்த்தாலும் தண்டம்.