சேற்றில் செடி நட்ட கதை

போன வாரம் வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் அழைப்பு வந்தது. உப்பனாற்றங்கரையில் அலையாத்திக் கன்று நடுகிறோம், வாருங்கள், டி-சர்ட் உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் முழங்கால் சேற்றில் நின்று நட்டவர்களில் நானும் ஒருவன். அந்த உரிமையில் சொல்கிறேன்: அந்த வெறும் சேற்றை விட்டுவிடுங்கள்.

கடலூர்க்காரர்களுக்கு அலையாத்தி என்றால் தனி மரியாதை. 2004 சுனாமியில் பிச்சாவரத்துக் காடு பக்கத்து ஊர்களுக்கு அரணாக நின்ற கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எனக்கும் அந்த மரியாதை உண்டு. ஆனால் மரம் இல்லாத இடமெல்லாம் நம் கண்ணுக்குக் காலி மனையாகத் தெரிகிறதே, அங்கேதான் வம்பு.

நாங்கள் நட்ட அன்றைக்குப் படகில் போன பெரியவர் ஒருவர் துடுப்பை நிறுத்திக் கேட்டார். “இங்க எப்பவுமே மரம் கெடையாதே தம்பி. தண்ணி வத்துனா குருவிங்க மேயுற எடமாச்சே?” சிரித்துவிட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டோம்.

அவர் குருவி என்றது உள்ளான்களை, சேற்றில் இரை தேடும் சின்னப் பறவைகளை. அடுத்த மார்கழியில் ஒரு பைனாகுலரை இரவல் வாங்கிக்கொண்டு, தண்ணீர் வற்றும் நேரமாகப் பார்த்துப் போனேன். கொசு உள்ளான் முப்பது கிராம் இருந்தாலே அதிகம். சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, ஆவணி புரட்டாசியில் இங்கே வந்து சேர்கிறது. தலையைத் தூக்காமல் தையல் மிஷின் ஊசி மாதிரி சேற்றைக் குத்திக்கொண்டே நகர்கிறது. பக்கத்திலேயே உப்புக்கொத்தி. அதற்கு அலகு குட்டை, கண் பெரிசு. நாலடி ஓடும், நிற்கும், பார்க்கும், டக்கென்று ஒரு கொத்து. கொஞ்சம் தள்ளிக் குதிரைமலைக் கோட்டான் ஒன்று, அரிவாள் மாதிரி வளைந்த அலகை வளைக்குள் விட்டு நண்டை இழுத்தது. நண்டு அலகையே கவ்விக்கொண்டது. கோட்டான் உதறிய உதறலில் கால்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. மிச்சத்தைக் குட்டைத் தண்ணீரில் அலசி விழுங்கியது. நம் ஊர் மெஸ்ஸில் இவ்வளவு சுத்தமாக நண்டு சாப்பிடுகிறவரை நான் பார்த்ததில்லை.

மேலாக இருக்கும் பூச்சி குட்டை அலகுக்கு, ஆழத்தில் இருக்கும் புழு நீள அலகுக்கு. ஒரே சேற்றில் இத்தனை பந்தி. ஆனால் இவை உட்கார்ந்து சாப்பிட நாலு பக்கமும் வெட்டவெளி வேண்டும். வல்லூறு வருவது தூரத்திலேயே தெரிய வேண்டும். செடி வளர்ந்து பார்வையை மறைத்தால் இறங்கவே யோசிக்கும்.

சாப்பாடு இவற்றுக்கு விளையாட்டு விஷயமும் இல்லை. 2022இல் பட்டைவால் மூக்கன் ஒன்று, பிறந்து சில மாதமே ஆன பறவை, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 11 நாள், 13,560 கி.மீ. எங்குமே இறங்காமல் பறந்தது. கிளம்புமுன் சேற்றில் தின்று சேர்த்த கொழுப்புதான் அத்தனைக்கும் பெட்ரோல். நம் கொசு உள்ளானும் பங்குனி சித்திரையில் வடக்கே கிளம்புமுன் அப்படித்தான் தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டும்.

சரி, நாங்கள் நட்டது என்ன ஆயிற்று? பள்ளத்தில், அதிக நேரம் தண்ணீர் நிற்கும் பக்கத்தில் வைத்தவை அநேகமாகச் செத்துவிட்டன. மூங்கில் குச்சியும் நைலான் கயிறும் கன்று வந்த பிளாஸ்டிக் பையும் மட்டும் சேற்றில் கிடக்கின்றன. மேட்டில் வைத்தவை இடுப்பு உயரம் வந்துவிட்டன, பார்க்க அழகுதான். அந்தப் பக்கம் ஒரு உள்ளானைக்கூட நான் இதுவரை பார்க்கவில்லை.

நடவே வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்பு அலையாத்தி இருந்து வெட்டப்பட்ட இடங்களில் நடலாம். காட்டை அழித்து வெட்டிய இறால் குட்டை கைவிடப்பட்டுக் கிடந்தால், கரையை உடைத்து ஆற்றுத் தண்ணீர் போய்வர வழி செய்தாலே பாதி வேலை முடிந்தது, விதை தானே மிதந்து வரும். அதில் டி-சர்ட் போட்டுப் படம் எடுக்க வாய்ப்புக் குறைவு, அது வேறு விஷயம்.

குழுவில் இதையே சுருக்கமாக எழுதி, நடுவதற்கு முந்தின ஞாயிறு தண்ணீர் வற்றும் நேரத்தில் எல்லோரும் ஒருமுறை வந்து பாருங்கள், பைனாகுலர் நான் கொண்டுவருகிறேன் என்றேன். இதுவரை ஒரே ஒரு கட்டைவிரல் வந்திருக்கிறது. அது என் மைத்துனருடையது.