அறுபது வயது என்றால்தான் கைதட்டுவார்கள்

போன வாரம் தூக்கம் வராத ஒரு ராத்திரியில் ‘எவர்கிரீன்’ பார்த்தேன். 1934இல் வந்த பிரிட்டிஷ் படம். விக்டர் சாவில் இயக்கம், ஜெஸ்ஸி மேத்யூஸ் கதாநாயகி. பழைய கறுப்பு வெள்ளைப் பாட்டுப் படம்தானே, பார்த்துக்கொண்டே தூங்கிவிடலாம் என்று நினைத்தேன். நடக்கவில்லை.

லண்டன் மியூசிக் ஹால் மேடைகளில் கொடிகட்டிப் பறந்தவள் ஹாரியட் கிரீன். ஒரு பிரபுவை மணக்கப் போகும் நேரத்தில் பழைய காதலன் வந்து மிரட்ட, குழந்தையைப் பணிப்பெண்ணிடம் விட்டுவிட்டு நாட்டைவிட்டே போய்விடுகிறாள். வளர்ந்த மகள் மேடையில் வாய்ப்புத் தேடி அலைகிறாள்; யாரும் சீண்டவில்லை. அச்சு அசலாக அம்மா மாதிரியே இருக்கிறாயே, பேசாமல் அம்மாவாகவே வந்துவிடு என்கிறான் ஒரு விளம்பர ஆள். அறுபது வயதிலும் குமரி போல ஆடும் அதிசயத்தைப் பார்க்க ஊரே திரள்கிறது.

அதே கால், அதே குரல். மகளாக வந்தபோது திரும்பிப் பார்க்க ஆளில்லை. கூட்டம் ஆட்டத்தைப் பார்க்கத்தான் வந்ததா என்றே எனக்குச் சந்தேகம். அவளுக்கு வயதாகவில்லை என்றால், அவளை அன்று பார்த்த நமக்கும் ஆகவில்லை என்ற கணக்குதான்!

விளம்பரக்காரன் அவளுடைய மகனாக நடிக்க வேண்டிவருகிறது. இருவருக்கும் காதல் வேறு. ஊருக்கு அம்மா பிள்ளை, உள்ளே தவிப்பு. 1934க்கு ரொம்பத் துணிச்சலான நகைச்சுவை.

இந்த விளம்பரக்காரன் வேடத்துக்கு முதலில் ஹாலிவுட் நடன நட்சத்திரம் ஃபிரெட் அஸ்டேரைக் கேட்டிருக்கிறார்கள். அவரை ஒப்பந்தத்தில் வைத்திருந்த ஆர்கேஓ ஸ்டூடியோ விடவில்லை. நல்லதாகப் போயிற்று என்பேன். அவர் வந்திருந்தால் ‘டான்ஸிங் ஆன் த சீலிங்’ பாட்டுக்கு ஜெஸ்ஸி இப்படித் தனியாக ஆடியிருப்பாரா? 1930இல் இதே கதை மேடை நாடகமாக வந்தபோது, இந்தப் பாட்டுக்குத் தலைகீழான பெரிய சரவிளக்கை மேடையில் நட்டு, கூரையில் ஆடுவது போலக் காட்டினார்களாம். படத்தில் அந்த வித்தை எதுவும் இல்லை. வீட்டுக்குள் ஒரு பெண் தனக்குத்தானே ஆடுகிறாள், அவ்வளவுதான்.

நடனம் அமைத்தவர் ‘படி’ (Buddy) பிராட்லி என்ற அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர். நியூயார்க்கில் வெள்ளை நட்சத்திரங்கள் பலருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தும் பெயர் போடாமலே வேலை வாங்கியிருக்கிறார்கள். லண்டனில் போட்டார்கள். ஆள்மாறாட்டக் கதைக்குப் பின்னால் இப்படியும் ஒரு கதை.

குறை இல்லாமல் இல்லை. நாயகன் பாரி மெக்கே சற்று மரக்கட்டை. மேடையிலேயே விக்கைப் பிடுங்கி எறிந்து உண்மையைப் போட்டு உடைத்த பிறகு, கோர்ட்டு, வழக்கு என்று இழுக்கிறார்கள். எனக்கு அந்த விக்கோடு படம் முடிந்துவிட்டது.

லண்டனின் சோஹோ பகுதியில், மார்க்கெட்டில் காய்கறி விற்றவரின் மகள் ஜெஸ்ஸி. 1963இலிருந்து பிபிசி வானொலித் தொடரில் டாக்டர் மனைவி மிஸஸ் டேலாகச் சில வருடங்கள் பேசினார். அங்கே குரல் மட்டும்தான். பார்க்கப் போகிறவர்கள், அந்தத் தனி ஆட்டம் வரும்போது மட்டுமாவது போனைக் கீழே வைத்துவிடுங்கள்.