காய்ந்த எருவை நம்பாதீர்கள்

பண்ணைக்குள் நுழைகிறவர்கள் ஈரச் சாணத்தைப் பார்த்ததும் ஒதுங்கி நடப்பார்கள். அதே ஆட்கள், கொட்டகைக்குப் பின்னால் எல்லாம் காய்ந்து, நாற்றம் போய், மண்ணோடு மண்ணான இடத்தில் குழந்தையை இறக்கி விளையாட விடுவார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது.

நாயின் குடலில் வாழும் உருண்டைப்புழுவின் முட்டை, மலத்தோடு விழும் அன்றே யாரையும் தொற்றாது. மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் கிடந்து, உள்ளே குட்டிப்புழு வளர்ந்த பிறகுதான் தொற்றும். அதற்குள் மலம் கரைந்து போயிருக்கும், முட்டை அங்கேயே இருக்கும். அது குழந்தையின் வாய்க்குள் போனால், குட்டிப்புழு கண் வரைக்கும் ஏறிப் பார்வையைக் கெடுக்கக்கூடும். பன்றியின் உருண்டைப்புழு முட்டையும் இப்படி மண்ணில் கிடந்த பிறகுதான் தொற்றும். ஒரு பெண்புழு ஒரே நாளில் லட்சக்கணக்கில் முட்டையிடும். ஈரமும் நிழலும் கிடைத்தால் அவை வருடக்கணக்கில் தாங்கும், குளோரினுக்கும் சாகாது. பூனை மலத்தில் வரும் டாக்சோபிளாஸ்மா என்ற நுண்ணிய ஒட்டுண்ணி தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் போதும். அதற்காக ஈரச் சாணம் பத்திரம் என்று சொல்ல வரவில்லை. கழிச்சல் கண்ட கன்றிடமிருந்து வரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி விழுந்த நிமிடமே தொற்றும்.

என் ஆதங்கம் இதுதான். ஆடு மாடுகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்த தேதி நோட்டில் இருக்கும், மண்ணைப் பற்றி ஒரு வரி இருக்காது. மருந்து குடித்த ஆடு அதே இடத்தில், அடி வரை கடித்த அதே புல்லில் மறுபடி வாய் வைக்கிறது. புழு திரும்புகிறது. மருந்து சரியில்லை என்று அடுத்த தடவை, அதற்கடுத்த தடவை என்று கொடுத்துக்கொண்டே போகிறோம். மருந்துக்கு அசையாத புழுக்கள் பெருகியதற்கு இந்தப் பழக்கமும் காரணம்.

அப்புறம், பண்ணை நாய். ஆடு அறுக்கும் இடத்தில் கட்டி கட்டியாக இருக்கும் ஈரலையும் நுரையீரலையும் அதற்குத்தான் எறிகிறோம். அந்தக் கட்டிகளுக்குள் இருக்கும் குட்டிப்புழுக்கள் நாயின் குடலில் நாடாப்புழுவாகின்றன. அதன் முட்டை மண் வழியாக மனிதருக்கு வந்தால், ஈரலில் நீர்க்கட்டி வருடக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். ஐஸ்லாந்தில் 1863-இல் ஹரால்ட் கிராபே என்ற டென்மார்க் ஆய்வாளர் நாய்களை அறுத்துப் பார்த்தபோது, நான்கில் ஒன்றுக்கு மேல் இந்தப் புழு இருந்தது. அந்தக் கழிவு நாய் வாய்க்குப் போகக் கூடாது என்று எளிய மொழியில் சிறு நூல் எழுதி வீடுகளுக்குக் கொடுத்தார்கள், சட்டமும் வந்தது. அங்கே அந்த நோயே ஒழிந்துபோனது. மக்களுக்குப் புரியும்படி சொன்னதுதான் அதில் பெரிய வேலை என்று நான் நம்புகிறேன்.

எருவைக் குவித்துவைத்தால் மட்டும் போதாது. குவியலின் நடுப்பகுதி 55 டிகிரிக்கு மேல் சூடேறினாலும் ஓரம் குளிர்ந்தே கிடக்கும், முட்டையும் பிழைத்துக்கொள்ளும். ஓரத்தில் இருப்பது உள்ளே போகும்படி பல தடவை புரட்டிப் போட வேண்டும். கைக்கு சானிடைசர் உதவாது. முட்டை ஒட்டிக்கொள்ளும், சோப்பு போட்டு நகக்கண் வரை தேய்த்துக் கழுவ வேண்டும். கொட்டகைக்குப் போட்டுப் போகும் செருப்பை வாசலுக்கு வெளியே விடுங்கள்.