டி-சட்டைக்கு 2,124 வெள்ளி

கொஞ்சம் நீளமான பதிவு. பசியாறிவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் எச்.ஆர். பிரிவு நன்கொடை திரட்ட ஒரு மலையேற்றம் ஏற்பாடு செய்தது. தாவரவியல் பூங்கா வாசலில் தொடங்கி, ஜீப் பாதை வழியாகக் கொடிமலை (பினாங்கு ஹில்) உச்சி வரை. ஆளுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்). வசூல் முழுவதும் ஓர் இரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) மையத்துக்கு என்றார்கள். 118 பேர் பெயர் கொடுத்தோம். ஆக 3,540 வெள்ளி.

அப்புறம் பில்கள் என் மேசைக்கு வந்தன. டி-சட்டை ஒன்று 18 வெள்ளி வீதம் 2,124. பதாகையும், படம் எடுக்கப் பெரிய அட்டையில் செய்த மாதிரிக் காசோலையும் 210. நாசி லெமாக்கும் தண்ணீரும் 590. மிச்சம் 616. நம்ப முடியாமல் மறுபடியும் தட்டிப் பார்த்தேன், அதே 616 தான். மேனேஜருக்கே கூச்சமாகிவிட்டது, கம்பெனிப் பணத்தைப் போட்டு 2,000 ஆக்கினார்.

ஒப்படைக்கப் போன அன்று அந்த அட்டைக் காசோலை மையத்தின் கதவில் நுழையவில்லை. சாய்த்துச் சாய்த்து உள்ளே கொண்டுபோனோம். வரிசையாக நாற்காலிகள், கையில் குழாயோடு ஆட்கள். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் அப்படி உட்கார வேண்டும். எங்கள் புது டி-சட்டைகளைப் பார்த்து ஒரு பெரியவர், "எல்லாம் ஒரே கலரு, நல்லாருக்கு" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"பணத்தை நேராகக் கொடுத்துவிட்டுப் போகலாமே, எதற்கு மலை ஏறணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. பினாங்குத் தமிழர்கள் அப்படிக் கேட்கலாமா? வேண்டுதலுக்கு வெறுங்காலோடு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுகிற ஊர் இது. உடம்பை வருத்திக்கொண்டு இன்னொருவருக்காக நடப்பது நமக்குப் புதிதில்லை. தைப்பூசத்துக்கு வரிசையாக நிற்கும் தண்ணீர்ப் பந்தல்களைப் பாருங்கள். எத்தனையோ பந்தல்கள் வேலையிடத்து ஆட்கள் சேர்ந்து போடுபவை. எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர் அங்கே விடிய விடிய அண்டா கழுவுவார். அவருக்குக் கீழே வேலை செய்யும் பையன், "அண்ணே, மோர்ல உப்பு பத்தல" என்று அதட்டுவான். மறுவாரம் இருவரும் உற்பத்தி லைனில் பேசிக்கொள்ளும் விதமே வேறு. கம்பெனிகள் ஹோட்டல் மண்டபத்தில் நம்மைப் பலூன் உடைக்கவிட்டு வளர்க்கப் பார்க்கிற ஒற்றுமை இதுதானே?

ஆக, நடப்பதில் எனக்குச் சண்டை இல்லை. கணக்கில்தான். சட்டை, சாப்பாடு, பதாகை எல்லாம் கம்பெனிச் செலவாக இருக்க வேண்டும். தொழிலாளி தரும் 30 வெள்ளி 30 வெள்ளியாகவே போய்ச் சேர வேண்டும். இன்னொன்று, பலர் கவனிக்காதது: வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால், கொடுத்தவருக்கு வரிக் கழிவு உண்டு. எல்லாரிடமும் வாங்கி கம்பெனி பெயரில் ஒரே காசோலையாகக் கொடுத்தால் ரசீதும் கம்பெனி பெயரில்தான் வரும். காசு நம்முடையது, கழிவு அவர்களுடையது! அவரவர் நேராக மையத்தின் கணக்கில் போட்டு, அவரவர் பெயரில் ரசீது வாங்குவதில் என்ன கஷ்டம்? (பூங்கா வாசலில் உண்டியல் குலுக்கலாம் என்று ஒரு தம்பி ஆர்வமாகச் சொன்னார். பொது இடத்தில் வசூலிக்க போலீஸ் அனுமதி வேண்டும், 1947லிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது என்று சொல்லி உட்கார வைத்தேன்.)

நடந்த கதையும் கேளுங்கள். முதலில் உச்சியைத் தொடும் குழுவுக்குப் பரிசுக்கூடை என்று அறிவித்துவிட்டார்கள். ஜீப் பாதை ஐந்து கிலோமீட்டர் தார் ரோடுதான், ஆனால் அதற்குள் ஏறக்குறைய 700 மீட்டர் உயரம் ஏற வேண்டும். இளைஞர்கள் பறந்துவிட்டார்கள். ஸ்டோரில் வேலை செய்யும் அண்ணன், சர்க்கரை வியாதிக்காரர், பாதி வழியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருடைய குழுதான் கூடையை வென்றது. குழு உணர்வாம்.

எங்கள் கட்டடத்தைக் கூட்டும் அக்கா அன்று வரவில்லை. வரக்கூடாது என்று சொல்லப்பட்டது. குத்தகை ஆள், பட்டியலில் பெயர் இல்லை. "வருசா வருசம் பால்குடம் எடுத்து மலை ஏறுறேன்மா, இது எனக்கு ஒரு ஏத்தமா?" என்று துடைப்பத்தோடு நின்று கேட்டார்.

அடுத்த வருடம் ஏற்பாட்டுக் குழுவில் நானே பெயர் கொடுத்தேன். சட்டை இல்லை, கூடை இல்லை, அட்டைக் காசோலை இல்லை. வீட்டில் இருக்கும் பழைய சட்டை போதும். சாப்பாடு கம்பெனி செலவு. நாம் போடும் ஒவ்வொரு வெள்ளிக்கும் கம்பெனி ஒரு வெள்ளி. ஏற முடியாதவர்கள் மலை ரயிலில் வந்து மேலே சாப்பாடு பரிமாறலாம். 1923லிருந்து மலைக்கு ரயில் ஓடுகிறது, வெட்கப்பட என்ன இருக்கிறது? 74 பேர்தான் வந்தார்கள். சட்டை இல்லாததால் குறைந்தது என்று எச்.ஆர். சொன்னது, உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மையத்துக்குப் போனது 4,440 வெள்ளி.

கூட்டும் அக்காவும் வந்தார். அவரை முன்னால் விட்டு, யாரும் அவரைத் தாண்டக்கூடாது என்றோம். அவர் நடையே தாளம். இறங்கும்போதுதான் முட்டி போகும் என்பது ஏறியவர்களுக்குத் தெரியும். எங்கள் ஜெனரல் மேனேஜர் தள்ளாடியதைப் பார்த்து அக்கா, "பாஸ், நேரா இறங்காதீங்க, குறுக்கே குறுக்கே நடங்க" என்றார். பெரிய மனிதர் ரோட்டின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகக் கோலம் போட்டுக்கொண்டே இறங்கினார். பின்னால் எழுபது பேரும் அப்படியே.

நேற்று வாட்ஸ்அப்பில் எச்.ஆரிடமிருந்து ஒரு செய்தி: "இந்த வருடம் டி-சட்டை நீலமா, பச்சையா?" இன்னும் பதில் போடவில்லை.