ஆப்பிளில் இருக்கும் தண்ணீரை ஏன் மறைக்கிறீர்கள்?

பொரித்த ஆப்பிள் பை, அதாவது மைதா மாவுக்குள் ஆப்பிள் பூரணம் வைத்து மடித்து எண்ணெயில் பொரிக்கிற பலகாரம், செய்வது எப்படி என்று செய்முறை போடுகிற அத்தனை பேரையும் கேட்கிறேன். பூரணத்தை அடுப்பில் வேகவைத்து, ஈரம் வற்றவைத்து, முழுக்க ஆறிய பிறகுதான் மாவுக்குள் வைக்க வேண்டும் என்ற ஒரு வரியைச் சொல்ல உங்களுக்கு என்ன தடை? எல்லா நுணுக்கமும் சொல்லித் தர வேண்டாம், பட்டைத்தூள் அரை ஸ்பூனா கால் ஸ்பூனா என்பதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், ஓரத்தை முள்கரண்டியால் அழுத்துவதா விரலால் மடிப்பதா என்பதும் அவரவர் கைப்பழக்கம். ஆனால் இந்த ஒரு வரி இல்லாமல் அந்தப் பலகாரம் வராது. வராது என்பது மட்டுமில்லை, செய்கிறவர் கையைச் சுட்டுவிடும். அதைத்தான் விட்டுவிடுகிறீர்கள், ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு வீடியோவிலும்.

என்ன காட்டுகிறார்கள் என்று பாருங்கள். ஆப்பிளைத் தோல் சீவிப் பொடியாக நறுக்குகிறார்கள். சர்க்கரை, பட்டைத்தூள் போட்டுக் கலக்கி "ஐந்து நிமிடம் ஓரமாக வையுங்கள்" என்கிறார்கள். அப்புறம் மைதா மாவை வட்டமாகத் தேய்த்து, அந்த வேகாத ஆப்பிளை நடுவில் குவித்து, பாதியாக மடித்து, ஓரத்தை அழுத்தி, காய்ந்த எண்ணெயில் போட்டு, எடுத்து, மேலே சர்க்கரை தூவி, இரண்டாகப் பிட்டுக் காட்டுகிறார்கள். உள்ளே கெட்டியான, பளபளப்பான, பிட்டாலும் அப்படியே நிற்கிற பூரணம். சமைக்கத் தெரிந்த யார் பார்த்தாலும் தெரியும், வேகாத ஆப்பிள் துண்டு அந்தச் சில நிமிடப் பொரிப்பில் அப்படி ஆகவே ஆகாது. அது வேறொரு சட்டியில், கார்ன்ஃப்ளார் கரைத்து ஊற்றிக் கிளறிய பூரணம். காட்டியது ஒன்று, கடைசியில் பிட்டது வேறு ஒன்று. இதை நம்பி ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிவந்து, மாவு பிசைந்து, எண்ணெய் காயவைத்து நிற்கிறவரைப் பற்றி அவர்களுக்குக் கொஞ்சமாவது நினைப்பு இருக்கிறதா?

ஆப்பிளின் எடையில் சுமார் 85 சதவீதம் தண்ணீர். அரைக் கிலோ ஆப்பிள் துண்டு என்றால் அதில் 400 கிராமுக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. அதன்மேல் சர்க்கரை போட்டால் சர்க்கரை அந்தத் தண்ணீரை வெளியே இழுக்கும், அந்த ஐந்து நிமிடத்திலேயே கிண்ணத்தின் அடியில் சாறு தேங்கி நிற்கும். "ஓரமாக வையுங்கள்" என்று சொல்லுகிறவர்கள் அந்தக் கிண்ணத்தைத் திரும்பப் பார்ப்பதே இல்லையா? அந்தச் சாறு மாவு ஓரத்தில் ஒரு துளி பட்டாலும் ஓரம் சரியாக ஒட்டாது, எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கும். அப்படியே ஒட்டிவிட்டாலும் பிரச்சினை தீரவில்லை. எண்ணெய் 175, 180 டிகிரியில் இருக்கிறது. தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகிறது, ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு விரிகிறது. மூடிய மாவுக்குள் அவ்வளவு ஆவி எங்கே போகும்? எங்கே ஓரம் பலவீனமோ அங்கே கிழித்துக்கொண்டு வரும். வந்தால் உள்ளே இருக்கிற சர்க்கரைச் சாறும் சேர்ந்து எண்ணெயில் கொட்டும். காய்ந்த எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று சமையலறைக்குள் ஒரு நாள் நின்றவருக்கும் தெரியும்.

என் நாத்தனார் மகள் கல்லூரி விடுமுறையில் வீட்டுக்கு வந்தவள், இப்படி ஒரு வீடியோவைப் பார்த்து ஒரு வார்த்தை விடாமல் அப்படியே செய்தாள். அளவு பிசகவில்லை, ஓரத்தை முள்கரண்டியால் இரண்டு பக்கமும் அழுத்தினாள், வாணலியில் மெதுவாகத்தான் விட்டாள். திருப்பிப் போடப் போனபோது ஒன்று வாயைப் பிளந்துகொண்டு எண்ணெயை வீசியது, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தெறித்தது. எண்ணெய் மட்டும் தெறித்தால் ஒரு மாதிரி, சர்க்கரைப் பாகும் சேர்ந்தால் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். குழாயடியில் கையை வைத்துக்கொண்டு அந்தப் பெண் அழுதுகொண்டே "நான் எல்லாம் சரியாத்தானே அத்தை செஞ்சேன்" என்று கேட்டாள். ஆமாம், அவள் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தாள். செய்முறைதான் தப்பு. இதைச் சொன்னால் வீட்டில் பெரியவர்கள் உடனே "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு அடுப்படிப் பழக்கம் இல்லை" என்று ஆரம்பிக்கிறார்கள், அதுவும் எனக்குக் கோபம். பழக்கம் இல்லாதவர்களுக்காகத்தானே செய்முறை எழுதுகிறோம்? பழகியவர்களுக்கு அது எதற்கு?

இது யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. இந்தப் பலகாரத்தின் சொந்த ஊரான அமெரிக்காவின் தென்பகுதியில், டென்னசி, கென்டக்கி, வட கரோலினா மலைப்பக்கத்து வீடுகளில், பொரித்த ஆப்பிள் பையை வழக்கமாகச் செய்ததே உலர்ந்த ஆப்பிளில்தான். இலையுதிர் காலத்தில் மரத்திலிருந்து வந்த ஆப்பிளை வில்லைகளாக நறுக்கி வெயிலில் காயவைத்து எடுத்துவைப்பார்கள். குளிர்காலத்தில் அதைக் கொஞ்சம் தண்ணீர்விட்டு வேகவைத்து, மசித்து, சர்க்கரையும் மசாலாவும் சேர்த்துக் கெட்டியாகக் கிளறி, அரைவட்டமாக மடித்து இரும்பு வாணலியில் பன்றிக் கொழுப்பில் பொரிப்பார்கள். குளிர்காலத்துக்குப் பழம் சேமிக்கிற வழி அது என்பது உண்மை, அதே வழியில் தண்ணீர்ப் பிரச்சினையும் தீர்ந்துவிட்டது, ருசியும் செறிவாகிவிட்டது. தலைமுறை தலைமுறையாக அந்தப் பாட்டிகள் கைக்கொண்ட விஷயத்தை எடுத்துவிட்டு, அவர்கள் பலகாரத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வீடியோ போடுவது என்ன நியாயம்?

அதைவிட நம் ஊர்ச் சமையல் சேனல்கள்மேல்தான் எனக்கு வருத்தம் அதிகம். தீபாவளிக்குச் சோமாசி செய்து காட்டுகிறீர்களே, அதில் தேங்காய்த் துருவலை ஈரம் போக வறுக்கச் சொல்கிறீர்களா இல்லையா? ரவையை வறுத்து, பொட்டுக்கடலையைப் பொடித்து, ஏலக்காய் தட்டிப்போட்டு, கையில் எடுத்தால் உதிர உதிர இருக்க வேண்டும், ஈரம் இருந்தால் எண்ணெயில் பிரிந்துவிடும் என்று அழுத்திச் சொல்கிறீர்களே. அதே அரைவட்டம், அதே மைதா, அதே மடிப்பு, அதே எண்ணெய். உள்ளே தேங்காய்க்குப் பதில் ஆப்பிள் வந்தவுடன் அந்த அறிவெல்லாம் எங்கே போயிற்று? வெளிநாட்டுப் பெயர் வந்தால் நம் கைக்குத் தெரிந்ததை நாமே நம்ப மாட்டோமா?

மாவு விஷயத்திலும் இதே அலட்சியம். ஓவனில் சுடுகிற பை மாவின் அளவை அப்படியே எடுத்துப்போட்டு "இதையே பொரிக்கலாம்" என்கிறார்கள். ஒரு கப் மைதாவுக்கு அரைக் கப் வெண்ணெய்! சுட்டால் அது அடுக்கடுக்காக வரும், சரி. பொரித்தால் அந்தக் கொழுப்பு எண்ணெயில் இளகி, மாவு நொறுங்கி உதிர ஆரம்பிக்கும். பொரிக்கிற மாவுக்குக் கொழுப்பு அளவாகத்தான் இருக்க வேண்டும், ஒரு கப்புக்கு இரண்டு ஸ்பூன் நெய்யோ வெண்ணெயோ போதும், கொஞ்சம் உப்பு, தண்ணீர் தெளித்துக் கெட்டியாகப் பிசைந்து அரைமணி ஊறவிட்டால் போதும். இதில் "வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கட்டும்" என்று வேறு. யாருடைய அறை? சென்னையில் மே மாதம் சமையலறையில் வெண்ணெயை வெளியே வைத்தால் உருகி ஓடிவிடும்.

அப்புறம் "எந்த ஆப்பிளும் பரவாயில்லை" என்ற வசனம். பரவாயில்லை என்பது பொய். நம் கடைகளில் அதிகம் கிடைப்பது சிவப்பு டெலிசியஸ் வகை, காஷ்மீரிலிருந்தும் இமாச்சலத்திலிருந்தும் வருவது. அது கடித்துத் தின்கிற பழம், புளிப்பு குறைவு, வெந்தால் குழைந்து கூழாகிவிடும். அறுவடை ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் வாக்கில் நடக்கிறது, மற்ற மாதங்களில் கிடைப்பது பெரும்பாலும் குளிர்கிடங்கில் இருந்து வந்தது அல்லது இறக்குமதி. கோடையில் வாங்கினால் சில சமயம் மாவு மாவாக இருக்கும். புளிப்பான, வெந்தாலும் துண்டாக நிற்கிற கிரானி ஸ்மித் என்ற பச்சை ஆப்பிள் இதற்கு நல்லது, ஆனால் அது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கும். சரி, கிடைக்காதவர் என்ன செய்வது? சிவப்பு ஆப்பிளையே கொஞ்சம் பெரிய துண்டாக நறுக்கி, எலுமிச்சைச் சாறு சேர்த்து, சர்க்கரையைக் குறைத்து வேகவைத்தால் நன்றாகவே வரும். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது? எனக்கு ஒரு வாக்கியம்தான் ஆயிற்று.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, பிரட்டை வைத்துச் செய்கிறவர்கள். "மெக்டொனால்ட்ஸ் ஆப்பிள் பை அதே சுவையில்" என்று தலைப்பு. அந்தக் கடை 1968 வாக்கில் அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய பை, எண்ணெயில் பொரித்தது, மேல்தோல் கொப்புளம் கொப்புளமாக மொறுமொறுவென்று இருந்தது, 1992இல் அங்கே அதை ஓவனில் சுடுகிற பையாக மாற்றிவிட்டார்கள், பழைய பொரித்த பைக்காக இன்றும் ஏங்குகிறவர்கள் உண்டு. அந்த ஏக்கத்தைத் தலைப்பில் வைத்துவிட்டு, ஓரம் வெட்டிய பிரட்டைச் சப்பாத்திக் கட்டையால் தேய்த்து, ஈர ஆப்பிளை வைத்துப் பொரிக்கிறார்கள். பிரட் எண்ணெய் குடிக்கும் என்று யாருக்குத் தெரியாது? எடுத்துப் பிழிந்தால் ஸ்பூன் ஸ்பூனாக எண்ணெய் வரும். அதைப் பிள்ளைகளுக்குப் பள்ளி டப்பாவில் வைத்துக்கொடுங்கள் என்று சிரித்த முகத்தோடு சொல்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த "பத்தே நிமிடம்". எனக்கு ரத்தம் கொதிப்பது இங்கேதான். நான் செய்கிற முறையைச் சொல்கிறேன், நேரத்தை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். அரைக் கிலோ ஆப்பிளைத் தோல் சீவி நறுக்கவே பத்து நிமிடம். ஒரு ஸ்பூன் வெண்ணெயில் அதைப் போட்டு, நான்கைந்து ஸ்பூன் சர்க்கரை, சிட்டிகை உப்பு, அரை மூடி எலுமிச்சைச் சாறு சேர்த்து, மூடாமல், மூடவே கூடாது, மிதமான தீயில் வதக்க வேண்டும். முதலில் தண்ணீர் விட்டுக்கொள்ளும், பிறகு வற்றும். துண்டு மெத்தென்று ஆனதும் இரண்டு சின்ன ஸ்பூன் கார்ன்ஃப்ளாரைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிளற வேண்டும். கரண்டியால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோட்டுக்குள் சாறு ஓடிவந்து மூடக்கூடாது, அதுதான் பதம். இறக்கிப் பட்டைத்தூளும் கொஞ்சம் ஜாதிக்காயும் போட்டு, அகலமான தட்டில் பரப்பி ஆறவிட வேண்டும். சூடாக உள்ளே வைத்தால் மாவு இளகி ஓட்டை விழும், அதனால் கை வைத்தால் சில்லென்று இருக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும், ஃபிரிட்ஜில் வைத்தாலும் அரைமணி. பிறகு தேய்த்து, ஓரம் ஒரு விரல் அகலம் விட்டு, ஒரு ஸ்பூன் மட்டும் வைத்து, ஓரத்தில் தண்ணீர் தொட்டு, உள்ளே காற்று நிற்காமல் அழுத்தி மடித்து, சோமாசிக் கரண்டியால் ஓரம் வெட்டி, மிதமான தீயில் இரண்டு மூன்றாகப் போட்டு நிதானமாகத் திருப்பித் திருப்பிப் பொரிக்க வேண்டும். அதிகத் தீயில் வெளியே சிவந்துவிடும், மடிப்புக்குள் மாவு பச்சையாக இருக்கும். ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது.

ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? நம் வீடுகளில் அதிரசத்துக்குப் பாகு பதம் பார்த்து, மாவை நாள்கணக்கில் வைத்திருந்து சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். நேரம் யாருக்கும் பயமில்லை. பத்து நிமிடம் என்று சொல்லி, மாலை ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்றவைக்கச் செய்து, ஆறரை மணிக்கு விருந்தாளிக்கு முன்னால் கிழிந்த மாவும் கருகிய சர்க்கரையுமாக நிறுத்துகிறீர்களே, அதுதான் கொடுமை. அந்த இடத்தில் நிற்கிறவர் தன்னையே நொந்துகொள்வார், தனக்குக் கைராசி இல்லை என்பார், இனி இதைத் தொடவே மாட்டார். கீழே "ஏன் பிரிந்துபோனது?" என்று கேட்டவர்களுக்கு ஒரு இதயக் குறி போட்டுவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறீர்கள்.

எண்ணெயை யார் கணக்கில் எழுதுவது? ஒரு பை பிரிந்தால் போதும், சாறும் சர்க்கரையும் வாணலி அடியில் படிந்து கருகி, எண்ணெய் முழுக்கக் கசக்கும். அடுத்து போடுகிறவையும் கருப்புப் புள்ளியோடு வரும். வடிகட்டி வைத்தாலும் அந்த எண்ணெயில் மறுநாள் ஒரு அப்பளம்கூடப் பொரிக்க முடியாது, கீழேதான் கொட்ட வேண்டும். எண்ணெய் விற்கிற விலையில் அரை லிட்டர் என்பது ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குச் சும்மா இல்லை. பிட்டுக் காட்டுகிற அந்த அழகான ஒன்றை மட்டும் காட்டாதீர்கள். வேகாத ஆப்பிளை வைத்துத்தான் பொரித்தோம் என்று சொல்கிறீர்கள் அல்லவா, பொரித்து முடித்த வாணலியையும் காட்டுங்கள்.