வாரத்துக்கு 23 டாலர் 86 சென்ட்

நாடே வேலையில்லாமல் தவிக்கும்போது ஓவியம் வரைய அரசாங்கம் காசு கொடுக்கலாமா? முன்பு கேட்டிருந்தால் ஊதாரித்தனம் என்று பட்டென்று சொல்லியிருப்பேன். 1930களில் அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்து அமெரிக்காவைப் பற்றிப் படித்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

1933இல் அங்கே நாலு பேரில் ஒருவருக்கு வேலை கிடையாது. அப்புறம் யார் ஓவியம் வாங்குவார்கள்? கலைஞர்களுக்கு எதற்கு நிவாரணம் என்று கேட்டவர்களிடம், அரசாங்கத்தின் நிவாரணப் பணிகளைக் கவனித்த ஹாரி ஹாப்கின்ஸ், அவர்களும் மற்றவர்களைப் போலச் சாப்பிட்டாக வேண்டுமே என்றார். கலை மனிதனை உயர்த்தும், அது இது என்று ஆரம்பிக்கவில்லை. எனக்குப் பிடித்தது அதுதான். ரோடு போடுகிறவருக்குக் கூலி, சுவரில் வரைகிறவருக்கும் கூலி.

கலைஞர்களுக்கு அரசாங்கம் கூலி கொடுத்து வரையச் சொன்ன முதல் திட்டம் அந்த டிசம்பரில் தொடங்கி, சில மாதங்களே ஓடியது. அதற்குள் 3,749 கலைஞர்கள், 15,663 படைப்புகள். 1935இல் இதைவிடப் பெரிய திட்டம் வந்தது. நியூயார்க் ஓவியருக்கு வாரத்துக்கு 23 டாலர் 86 சென்ட்.

எல்லாம் நல்ல ஓவியங்களா என்றால், இல்லை. சுமாரானவைதான் அதிகம். ஆனால் அதே சம்பளப் பட்டியலில், பின்னாளில் பெரும் புகழ் பெற்ற ஓவியர்கள் ஜாக்சன் பொல்லாக், மார்க் ரோத்கோ, லீ கிராஸ்னர் எல்லாரும் இருந்தார்கள். அன்றைக்கு அவர்களை யாருக்குத் தெரியும்? மேதைகளுக்கு மட்டும்தான் என்று சல்லடை போட்டிருந்தால் பொல்லாக் வெளியே நின்றிருப்பார்.

அரசாங்கக் காசு என்றால் துதிபாடல்தான் வரும் என்பார்கள். அந்த முதல் திட்டத்தில், 1934இல் சான் பிரான்சிஸ்கோவின் கோய்ட் கோபுரத்தில் வரைந்த சுவரோவியம் ஒன்றில், நூலகத்தில் நிற்பவர் மார்க்ஸின் ‘மூலதனம்’ நூலை எடுக்கக் கை நீட்டுகிறார்! பெரிய ரகளை. திறப்பு விழா அக்டோபர் வரை தள்ளிப்போனது. வேறொரு ஓவியத்திலிருந்த அரிவாள் சுத்தியலை அழித்துவிட்டார்கள். நீட்டிய கை மட்டும் தப்பித்தது.

ஊதாரித்தனம் எங்கே என்று கேட்டால் நான் கடைசிக் காட்சியைக் காட்டுவேன். இரண்டாம் உலகப் போர் வந்து திட்டத்தை மூடியதும், நியூயார்க் கிடங்கில் கிடந்த கேன்வாஸ்களைப் பழைய சாமான் வியாபாரிக்கு எடைபோட்டு விற்றார்கள். பவுண்டுக்கு நாலு சென்ட். அவரிடமிருந்து வாங்கிய ஒரு குழாய்க்காரர் வெந்நீர்க் குழாய்களுக்கு உறையாகச் சுற்றிப் பார்த்தாராம். சூடேறியதும் எண்ணெய் வண்ணத்தின் நாற்றம் தாங்கவில்லை. அதனால்தான் மிச்சம் பிழைத்தது.